நியூரோஃபேசினும் நாலாயிரம் இழையும்

நியூரோஃபேசின். இந்தப் பெயரைத் தடுக்காமல் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. என் வீட்டுக்காரர் தேவராஜுக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. "அந்தப் புரோட்டீன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார். நான் விடுவதில்லை. பிடி நழுவி என்னை ஏழு மாதம் படுக்கப் போட்ட வஸ்துவின் பெயரை என் வீட்டில் எல்லோரும் சரியாகச் சொல்லியாக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு, "உனுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்கிறார்கள். நானும் ஆசை ஆசையாக ஆரம்பிப்பேன். நரம்பு செல், அதைச் சுற்றும் செல் என்று சூடு பிடிக்கும்போது, "சரிம்மா, அடுப்புல சோறு இருக்குது" என்று நழுவிவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் பாதியில் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, வருத்தமும் இல்லை.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே ஆரணியில் தறி வைத்திருப்பவர்கள் ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள், நெய்து முடித்ததும் அதன் கடைசி முனையை அறுத்து எடுக்கமாட்டார்கள். அது சீப்பு மாதிரிப் பல் வைத்த அச்சிலும், இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும் கோத்தபடியே நிற்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றையும் பிணைக்க வேண்டும். ஒரு பட்டுப் பாவுக்கு நாலாயிரத்துக்கு மேல் இழை. முடிச்சு போடக் கூடாது. முடிச்சு அச்சுப் பல்லில் மாட்டி இழையை அறுத்துவிடும். விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டு, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி, மடித்து, இன்னொரு முறுக்கு. அவ்வளவுதான். அந்த முறுக்கு தானாகவே பிடித்துக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு அதில் பெரிய வேலை இல்லை. பட்டிழை முடியைவிட மெல்லியது. விரல் நுனிதான் பார்க்கும்.

நானும் என் நாத்தனார் ரூபியும் ஜோடியாக வீடு வீடாகப் போய் இந்த வேலை செய்கிறோம். பாவில் வலப்பாதி எனக்கு, இடப்பாதி அவளுக்கு. ரூபி தேவராஜின் தங்கை. என்னைவிட ஆறு வயது சின்னவள். அதிகம் பேசமாட்டாள். இருவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் என் விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்தன. மெல்லிய உறை மாட்டிக்கொண்டு வேலை செய்கிற மாதிரி இருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சாம்பல் சரியில்லை என்று நினைத்தேன். எங்கள் வேலையில் பிடி நழுவினால் எல்லோரும் முதலில் சொல்வது அதுதான். சாணிச் சாம்பலை மாற்றி விறகுச் சாம்பல் கொண்டுவந்தோம். அப்புறம் அதை இரண்டு தடவை வஸ்திரகாயம் செய்தோம், மெல்லிய துணியில் சலிப்பதை அப்படித்தான் சொல்வோம். மூன்றாவதாக அரிசி மில்லில் இருந்து உமிச் சாம்பல் வந்தது. மூன்று சாம்பலையும் மாற்றினேனே தவிர, என் விரலைப் பற்றி ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், நான் வெறுங்காலோடு பத்தடி போயிருப்பேன். அதற்குச் செருப்பு வார் தளர்ந்துவிட்டது என்று காரணம் சொன்னேன்.

ஒரு நாள் மாணிக்கம் அண்ணன் வீட்டுத் தறியில் பிணைத்து முடித்தோம். பிணைத்த பகுதியை விழுது வழியாகவும் அச்சு வழியாகவும் மெதுவாக இழுத்து வெளியே கொண்டுவருவார்கள். அப்போதுதான் எங்கள் வேலையின் லட்சணம் தெரியும். அன்றைக்குப் பதினோரு இழை நழுவியது. பதினொன்றும் வலப்பாதியில்.

"இன்னாம்மா இது, இப்பிடிப் பண்ணிக்கினு இருக்கீங்க? ரெண்டு நாளு பேஜார் எனுக்கு!" என்று மாணிக்கம் அண்ணன் கத்தினார்.

நான் யோசிக்கவே இல்லை. "சாம்பல் சரியில்லண்ணே. ரூபிதான் சலிச்சா" என்றேன்.

ரூபி நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தாள். உட்கார்ந்து பதினோரு இழையையும் எடுத்துப் பிணைத்தாள். அதற்குப் பிறகு வேலைக்குக் கூப்பிட்டால் வருவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். நானும் வீம்பாக இருந்தேன். தப்பு என்னுடையது என்று அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவள்மேல் போட்டுவிட்டது தப்பு என்று அந்த நிமிஷமே தெரிந்திருந்தது.

ஆரணி டாக்டர் சர்க்கரை இல்லை என்று பார்த்துவிட்டு வைட்டமின் ஊசி போட்டார். ஆறு ஊசி முடிந்தும் மரப்பு மணிக்கட்டு வரைக்கும் ஏறியது. பஸ் ஸ்டாண்டில் போளூர் பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினேன், கால் வரவில்லை. அப்படியே மல்லாந்து விழுந்தேன். கண்டக்டரும் இரண்டு பேரும் தூக்கி உட்கார வைத்தார்கள். அன்று சாயங்காலமே தேவராஜ் என்னை வேலூர்ப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

நரம்பியல் பிரிவில் காத்திருந்த கூடத்தில் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு அம்மாள் அரக்குக் கலர்ப் புடவையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய முந்தானையை மெல்லத் தொட்டுப் பார்த்தேன். பட்டா, பாலியெஸ்டரா? தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தேய்த்துப் பார்த்தேன். தெரியவில்லை. "ஏங்க, இது பட்டுதானே?" என்று கேட்டேவிட்டேன். அந்த அம்மாள் முந்தானையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "எங்களப் பாத்தா பட்டு கட்டறவங்களாத் தெரியலியா?" என்றார். கூடமே திரும்பிப் பார்த்தது. தேவராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தில் இல்லை. ஆரணியில் பிறந்து பட்டு எது என்று கைக்குத் தெரியாமல் போய்விட்டதே என்ற பயத்தில்.

சோதனைகள் தொடங்கின. முதலில் நரம்பு கடத்தல் சோதனை. கையில் ஒரு இடத்தில் சின்னதாக மின்சாரம் கொடுத்து, அது நரம்பு வழியாக இன்னொரு இடத்துக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறது என்று பார்ப்பார்கள். சுருக் சுருக்கென்று வலிக்கும். எனக்கு அந்தச் செய்தி ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. அடுத்து முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். சொன்ன அளவுக்குப் பயங்கரமில்லை. அதில் புரதம் நிறைய இருந்தது. இரண்டையும் வைத்து, என் உடம்பின் பாதுகாப்புப் படை என் நரம்புகளின் மேலுறையையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது என்றார்கள். ரத்ததானம் செய்பவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தை ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பலபேருக்கு இது நன்றாகக் கேட்கும் என்றார்கள். பணம் பற்றி ஒரே வரி: காப்பீட்டு அட்டை பாதி தாங்கியது, மீதியைத் தேவராஜின் ஷேர் ஆட்டோ இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

எனக்குக் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் ஜாக்கெட் ஊக்குப் போட முடியவில்லை. தேவராஜ் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டார். பின்னல் எப்போதும் இடது காதுப் பக்கம் ஓடிப்போய் நிற்கும். "நேராத்தான் இருக்குது, கண்ணாடி கோணல்" என்று சாதிப்பார். ஆட்டோ ஓட்டிக் காய்த்த கையால் ஒவ்வொரு ஊக்காக அவர் மாட்டிவிடும்போது வந்த பிரியம், எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர்மேல் எனக்கு வந்ததில்லை.

மறுபடியும் மருத்துவமனை. இந்தத் தடவை சக்கர நாற்காலி. பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்கள்தான் இருக்கலாம். யார் வருவது என்று நாங்கள் பேசி முடிப்பதற்குள் ரூபி ஒரு பையோடு வந்து ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும் என்றுகூடக் கேட்காதவள், அன்று முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வார்டில் இரண்டாம் நாள் மத்தியானம் எனக்குத் தயிர்சோறு ஊட்டிக்கொண்டே, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"இன்னா?"

"பொங்கலுக்கு முன்னாடியிலருந்தே உன் பக்கத்து இழ லூசாத்தான் இருந்துச்சு. நீ தண்ணி குடிக்க, வெளிய கிளிய எழுந்து போவ இல்ல, அப்ப நான் வந்து மறுபடியும் முறுக்கி உட்டுகினு இருந்தேன். அன்னிக்கி மாணிக்கம் அண்ணன் வூட்ல ஒரே ஒரு தபாதான் நீ எழுந்து போன. ஜல்தியா ஒரு கை பாத்தேன், பதினொண்ணு உட்டுப்போச்சு."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ ஒத்துக்குவியா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். அவள்மேல் எரிந்து விழுந்திருப்பேன். "நான்தான் உன்மேல பழி போட்டேன், ரூபி" என்றேன். அவள் அடுத்த கவளத்தை வாயில் வைத்து என் பேச்சை அடைத்துவிட்டாள். இருவரும் அழுதோம். எதிர்க் கட்டில் பாட்டியம்மா யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வந்தார். பயிற்சியில் இருப்பவர், முப்பது வயசுகூட இருக்காது. என் காகிதங்களை எல்லாம் புரட்டிவிட்டு, "என்ன வேலை பண்றீங்க அக்கா?" என்று கேட்டார். அதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்லை. "கூலி வேலை" என்றுதான் சீட்டில் எழுதியிருந்தது. நான் பாவு பிணைப்பதைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. ரூபி தன் பையில் இருந்த பழைய பட்டுத் துண்டிலிருந்து இரண்டு இழை உருவிக் கொடுத்தாள்.

"செஞ்சு காட்டுங்க" என்றார் டாக்டர்.

இரண்டு இழையையும் இரண்டு கையில் பிடித்து ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கப் போனேன். மடியில் இருந்தவரை ஆடாமல் இருந்த கை, நுனிகள் நெருங்க நெருங்க ஆட ஆரம்பித்தது. வேகமான நடுக்கம் இல்லை. மெதுவாக, பெரிதாக ஆடியது. கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னார். கை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். கெட்ட சேதி சொல்பவர் முகமில்லை அது. தொலைத்த சாவியைக் கண்டெடுத்தவர் முகம். "இந்த நடுக்கம் எத்தனை நாளா இருக்கு?"

"வேலைக்கு உக்காந்தா மட்டும் வரும். பயத்துல ஆடுதுன்னு நெனச்சுகினு இருந்தேன்."

"அக்கா, இன்னும் ஒரு ரத்தப் பரிசோதனை அனுப்பலாம். இங்க பண்றதில்ல, சாம்பிள் வெளியூர் போய் வரணும்" என்று சொல்லி, பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடினார். நிஜமாகவே ஓடினார். செருப்புச் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

முடிவு வர இரண்டு வாரமானது. அந்த இரண்டு வாரம்தான் பெரிய பாடு. எழுந்து நிற்க முடியவில்லை. இனிமேல் இப்படியேதான் என்றால் என்ன செய்வது என்று நினைக்கும்போது, கால்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ரூபி வேறு ஒருத்தியோடு ஜோடி சேர்ந்து பாவு பிணைக்கப் போவாள், நான் வீட்டில் உட்கார்ந்து எத்தனை இழை முடிந்தது என்று போனில் கேட்பேன் என்ற நினைப்புதான் என்னைத் தின்றது.

அப்புறம் ஒரு காலை டாக்டரம்மா கையில் காகிதத்தோடு வந்தார். கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதன் பின்பக்கத்தில் படம் வரைந்தார். அந்தக் காகிதம் இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது.

ஒரு நீளக் கோடு. அது நரம்பு செல்லின் இழை. முதுகில் இருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே இழை. அதன்மேல் பாய் சுருட்டிய மாதிரி வரிசையாகச் சுற்றல்கள். ஒவ்வொரு சுற்றலும் ஒரு தனி செல். அந்த வகைக்கு க்ளையல் செல் என்று பெயர். நரம்பு செல்லைக் கவனித்துக்கொள்கிற கூட்டாளிகள். ஒரு சுற்றலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் துளி இடைவெளி. சேதி இடைவெளிக்கு இடைவெளி தாவித் தாவிப் போகும், அதனால்தான் அவ்வளவு வேகம்.

"இப்ப இந்த ஓரத்தைப் பாருங்க" என்று ஒரு சுற்றலின் விளிம்பில் பேனாவை வைத்தார். "இந்த விளிம்பு இழையோட ஒட்டி நிக்கணும். இல்லைன்னா சேதி கசிஞ்சுடும். ஒட்ட வைக்கிறது பசை இல்ல, மூலக்கூறுகள். ஒட்டு மூலக்கூறுகள்னு சொல்லுவோம். சுத்தற செல்லு பக்கத்துல இருந்து ஒண்ணு நீளும், அது நியூரோஃபேசின். நரம்புப் பக்கத்துல இருந்து ரெண்டு நீளும், கான்டாக்டின், கேஸ்பர். மூணும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும்."

"முடிச்சு இல்ல?"

"முடிச்சு இல்ல. சும்மா பிடிச்சுக்கிறதுதான்."

நான் ரூபியைப் பார்த்தேன். ரூபி என்னைப் பார்த்தாள். அவள் வாய் பிளந்திருந்தது. கர்த்தரே, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது! உணர்ச்சியே இல்லாத உடம்பு சிலிர்த்தது என்றால் நம்பமாட்டீர்கள். பதினெட்டு வயதிலிருந்து நான் செய்கிற வேலையை, நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே எனக்குள் யாரோ லட்சக்கணக்கில் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை.

"உங்க உடம்பு தயாரிக்கிற ஒரு எதிர்ப்புப் புரதம், இந்த நியூரோஃபேசின் மேல போய் உக்காந்துக்குது" என்றார் டாக்டர். "அது சண்டை போடாது, ஆள் கூப்பிடாது, நடுவுல மறிச்சுக்கிட்டு உக்காரும், அவ்வளவுதான். அதனாலதான் போன தடவை ஏத்துன மருந்து உங்களுக்குக் கேக்கல."

"இழ அறுந்துச்சா, பிடி நழுவுச்சா? அத்த மட்டும் சொல்லுங்க."

அவர் பேனாவை மறுபடியும் அந்த விளிம்பில் வைத்தார். "முக்கியமா பிடிதான் நழுவியிருக்கு. ரொம்ப நாள் விட்டா இழையும் கெடும். கொஞ்சம் கெட்டும் இருக்கலாம். முழுசா சரியாகும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்தப் புரதத்தை உண்டாக்குற செல்லையே அடக்குற மருந்து இருக்கு. உங்க மாதிரி ஆளுங்களுக்கு அது நல்லா வேலை செய்யுது."

"நழுவுனா திரும்பப் பிணைக்கலாம்" என்றாள் ரூபி. அவள் டாக்டரிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

மருந்தின் பெயர் ரிட்டுக்ஸிமாப். கொடுப்பதற்கு முன் மஞ்சள்காமாலைக் கிருமி, டி.பி. எல்லாம் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள், ஏனென்றால் இந்த மருந்து உடம்பின் காவலைக் குறைத்துவிடும். முதல் தடவை ஏற்றும்போது குளிர் எடுத்துப் பல் கிட்டியது. வேகத்தைக் குறைத்து, காலையில் ஆரம்பித்ததைச் சாயங்காலம் வரைக்கும் ஏற்றினார்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. பிறகு வீட்டுக்குப் போய்க் காத்திருங்கள் என்றார்கள்.

ஒன்றரை மாதம் ஒன்றுமில்லை. தேவராஜ் காலையும் மாலையும் என்னைச் சுவரைப் பிடித்து நடக்க வைத்தார். ஒரு நாள் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். உள்ளங்காலில் என்னமோ நறநறவென்றது. துடைத்தேன், இன்னும் நறநறத்தது. வாசலில் வீடு கட்டுகிறவர்கள் கொட்டிய மணல்! மணல் என் காலில் ஒட்டியிருப்பது எனக்குத் தெரிகிறது!

நான் போட்ட கத்தலில் தேவராஜ் பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடி வந்தார். "இன்னா, உழுந்துட்டியா?"

"மணலு! காலுல மணலு!"

"தொடச்சுக்கறதுதானே?"

"தொடைக்க மாட்டேன் போங்க!" என்று சொல்லி, அன்றைக்கு முழுக்க அந்த மணலோடேயே நடந்தேன். வீடெல்லாம் மணல். அவரே பெருக்கினார்.

அதற்குப் பிறகு கையில் உணர்ச்சி மேலிருந்து கீழாகத் திரும்பி வந்தது. மணிக்கட்டு, உள்ளங்கை, விரலின் நடுக்கணு. ஊக்கு போட வந்தது. பின்னலை நானே போட்டுக்கொண்டேன், தேவராஜுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கடைசியாக விரல் நுனி. வலது கையின் சுண்டுவிரல் இன்னும் முழுசாக வரவில்லை. வராமலே போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சுண்டுவிரல் இல்லாமல் பிணைக்கலாம்.

போன மாதம் மாணிக்கம் அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். எங்களை மறுபடியும் கூப்பிட அவருக்கு மனசு வந்ததே பெரிது. வலப்பாதியில் உட்கார்ந்ததும் நான் ரூபியிடம் சொன்னேன்.

"நீ என் பக்கம் வரக் கூடாது. நான் எழுந்து போனாக்கூட வரக் கூடாது. சத்தியம் பண்ணு."

"பண்ணமாட்டேன் அண்ணி, நம்ம சபையில சத்தியம் பண்ணக் கூடாதுன்னு இருக்குதே."

"அப்ப சும்மா சொல்லு."

"வரமாட்டேன்."

வழக்கமாக ஒரு நாளில் முடிக்கிற வேலை, எனக்கு இரண்டரை நாளானது. ரூபி தன் பாதியை முதல் நாளே முடித்துவிட்டு, மீதி நாளெல்லாம் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாணிக்கம் அண்ணன் இழுக்க ஆரம்பித்தார். பிணைத்த இடங்கள் வரிசையாக விழுதுக்குள் நுழைந்தன. விழுதைத் தாண்டின. அச்சுக்குள் போயின. ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை. டப் என்று ஒரு இழை தளர்ந்து தொங்கியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அவர் நிறுத்திக் குனிந்து பார்த்தார். மீதி எல்லாம் மறுபக்கம் வந்து நேராக நின்றன.

"ரெண்டு போயிட்சேம்மா" என்றார்.

"அது நான் போட்டதுண்ணே" என்றாள் ரூபி சட்டென்று. "நான்தான் இந்தப் பக்கம்..."

"பொய்யி!" என்று நான் கத்தினேன். மாணிக்கம் அண்ணன் மிரண்டு ஒரு அடி பின்னால் போனார். "அவ இந்தப் பக்கம் வரவே இல்ல. அந்த ரெண்டும் என்னுதுண்ணே. இந்தப் பாதி பூரா என்னுது!"